ஏறும் எண்

லேத் பட்டறைக்காரருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே வேப்பங்காய். ஆனாலும் மனைவிக்குத் தொண்டையில் புற்று, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபிறகு, மனுஷன் விடாப்பிடியாக பாஷ் ஸ்கிரிப்ட் படிக்க உட்கார்ந்துவிட்டார். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்தால் கம்ப்யூட்டர் தானே செய்து முடிக்கும், அதுதான் பாஷ்.

ஆபரேஷனுக்கு முன்பே அவள் அன்றாடம் பேசுவதையெல்லாம் போனில் துண்டு துண்டாகப் பதிந்தார்கள். ‘தண்ணி குடுங்க’, ‘கதவ சாத்துங்க’, பேத்தியைக் கொஞ்சுவது, அவரைத் திட்டுவது, எதையும் விடவில்லை. பின்னால் ஒரு பொத்தானைத் தட்டினால் அவள் குரலே பேச வேண்டும்.

இப்போது அவள் வீடு திரும்பியிருந்தாள். கழுத்தில் ஓட்டை, வாய் அசையும், சத்தம் வராது.

பதிவுகளுக்குப் போன் வைத்திருந்த பெயர்களெல்லாம் நீள நீள எண்கள். அவற்றைக் குரல் ஒன்று, குரல் இரண்டு என்று மொத்தமாக மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான்; போனில் இடம் இல்லையென்று அங்கிருந்ததை எப்போதோ அழித்தாயிற்று.

“இப்ப பாரு, ஒரே தட்டு! உன் வாய அடைக்க இனிமே எவனாலயும் முடியாது.”

அவள் சிரித்துக்கொண்டே அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. பிழை என்று ஓர் எழுத்துகூட வரவில்லை. மனுஷனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திறந்து பார்த்தால் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது.

பெயரோடு ஏறும் எண்ணைச் சேர்க்க மறந்திருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் விழ, ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. அடப்பாவி, ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? கம்ப்யூட்டர் கேட்காது, சொன்னதைச் செய்யும். லேத்தில் புது வேலை வந்தால் கழிவு இரும்பில் ஓட்டிப் பார்க்காமல் அசலைத் தொடாதவர், இதற்கு மட்டும் ஒரு நகல்கூட எடுத்துவைக்கவில்லை.

“ஐயோ, கெடுத்துட்டேனே! என் கையாலயே கெடுத்துட்டேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவரை விலக்கிவிட்டு, மிஞ்சியதைத் தானே தட்டினாள். எண் வரிசையில் கடைசி அது, ஆபரேஷனுக்கு முந்தின நாள் பதிந்தது.

“போதுங்க. தொண்ட எரியுது. நிறுத்துங்க.”

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் மறுபடி தட்டினாள். மறுபடியும். அவர் அவள் கையைப் பிடித்துத் தடுத்துப் பார்த்தார், அவள் விடவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் குரலுக்குச் சரியாக வாயை அசைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.