இரண்டாம் திரி

சோபனா விளக்கை மெல்ல மெல்ல இறக்கினாள். உத்தரத்துக் கொக்கியில் ரம்பப் பல்லாக வெட்டிய ஒரு பித்தளைப் பட்டை தொங்கும். ஒவ்வொரு பல்லாகத் தளர்த்தினால்தான் விளக்கு கீழே வரும். நட்சத்திரம் மாதிரிச் சுற்றிவர மூக்குகள் வைத்த விளக்கு. முந்நூறு வருசத்துக்கு முந்தி, யூதர்கள் பயமில்லாமல் குடியிருக்கலாம் என்று அரசன் சொன்ன ஊர் டென்மார்க்கின் இந்தப் பிரெடெரீசியா என்று கேள்விப்பட்டு, மாமாவின் முன்னோர் யாரோ வண்டியில் கட்டிக்கொண்டு வந்த சாமான்களில் இதுவும் ஒன்று. கை கழுவுகிற இரண்டு பிடிக் குவளை, ஈயத் தட்டு, கராம்பு போட்டு மணக்கிற வெள்ளிச் சிமிழ் எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள் சும்மா கிடந்தன. விளக்குக்கு மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை இருந்தது.

இத்தனை நாளும் மாமாதான், புருசனின் தகப்பன், கொளுத்துவார். சோபனா குசினியில் நிற்பாள். இன்றைக்கு மாமா ஹோலுக்குள் போட்ட, கொம்யூன் என்கிற நகரசபை தந்த கட்டிலில் கிடந்தார். பாரிசவாதம் இடப்பக்கத்தையும் வாயையும் கொண்டுபோய்விட்டது. இனி நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்குத்தான் என்று காலையில் வந்த நேர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆனாலும் மனுசன் விடவில்லை. வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மத்தியானம் வரைக்கும் பாடுபட்டுப் பஞ்சில் இரண்டு திரி உருட்டி வைத்திருந்தார்.

பக்கத்து ஊர் கோல்டிங்கிலிருந்து கஞ்சியோடு வந்திருந்த அக்கா பவளராணி அந்தத் திரிகளைப் பார்த்தாள்.

"ரெண்டு என்னத்துக்கடி?"

"ஒண்டு மாமாவுக்கு. மற்றது டானியலுக்கு."

"டானியலுக்கோ?"

"ஓம் அக்கா. டானியல் இருக்கேக்க நாங்கள் இஞ்ச வந்தால் ஒரு திரிதான் எரியும். அவர் செத்து, நான் இஞ்ச வந்து இருந்த கிழமையிலயிருந்து ரெண்டு வைக்கிறார்."

பவளராணி கஞ்சிச் சட்டியைத் தொப்பென்று வைத்தாள். "செத்த ஆளுக்கு விளக்கோ! அவர் வைச்சது அவற்ற பாடு. நீ உன்ர கையால வைக்காதை. அப்பா ஞானஸ்நானம் எடுத்தண்டைக்கு எங்கட வீட்டு விளக்கு முழுக்கத் தூக்கிக் குடுத்தவர், மறந்து போனியே?"

சோபனா மறக்கவில்லை. டானியலைக் கட்டியபோது அவளுடைய சபையில் பாதிப்பேர் வரவில்லை. அந்தப் பக்கத்தில் மாமாவே வரவில்லை. கல்யாணம் முடிந்து எத்தனையோ வருசம் அவர் அவள் முகத்தைப் பார்த்துக் கதைத்ததில்லை. புற்றுநோய் டானியலைக் கொண்டுபோன பிறகு, கிழவன் தனிய என்ன செய்வார் என்று மனம் கேட்காமல் பிளாட்டை விட்டுவிட்டு வந்தவள் அவள்தான். புருசனே இல்லை, பிறகென்ன மாமன் என்று சனம் கதைத்தது. அவளுக்கும் அந்தக் கேள்வி உண்டு. இந்த வீட்டில் தான் மருமகளா, சம்பளமில்லாத வேலைக்காரியா? மாமா ஒரு நாளும் சொல்லவில்லை. கறி நல்லாயிருக்கு என்றுகூடச் சொல்லாத மனுசன் இதையா சொல்லப்போகிறார்?

அவள் ஒரு திரியை எண்ணெயில் நனைத்து ஒரு மூக்கில் வைத்துக் கொளுத்தினாள். மற்றதைத் தன் கார்டிகன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு விளக்கைப் பல்லுப் பல்லாக மேலே ஏற்றினாள்.

மாமாவின் கண் விளக்கில் நின்றது. வலது கை மெல்ல எழும்பியது. இரண்டு விரல்.

"இல்லை மாமா," என்று டெனிஷில் சொன்னாள். "டானியல் கர்த்தரிட்ட இருக்கிறார். அவருக்கு விளக்குத் தேவையில்லை."

அவர் தலையை அசைக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு விரலை மடக்கினார். மற்ற விரலை அவளை நோக்கி நீட்டினார். தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது. வாயோரத்தில் வழிந்ததை அவள் துடைத்துவிட்டாள். கட்டளை போடுகிறார் என்றுதான் நினைத்தாள். சாகப்போகிற நேரத்திலும் பிடிவாதம்!

"என்னால ஏலாது மாமா. கோவிக்காதையுங்கோ."

யன்னலுக்கு வெளியே டிசம்பர் வெயில் மதிலுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அது போய்விட்டால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அந்த வீட்டில் யாரும் நெருப்புத் தொடக்கூடாது. அவ்வளவு அவளுக்கும் தெரியும். விரல் நீட்டியபடியே இருந்தது. மதில் கறுத்ததும் கை போர்வைமேல் விழுந்தது. தன் சொல்லை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அவள் நிம்மதிப்பட்டாள். பாவி, உண்மையாகவே நிம்மதிப்பட்டாள்.

எண்ணெய் தீருமுன் அவருடைய மூச்சு நின்றுவிட்டது. பவளராணி முழந்தாளில் நின்று ஜெபித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். தலைநகர் கொப்பனேகனிலிருந்து வந்த ஆண்கள் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, மொட்டைப் பலகைப் பெட்டிக்குள் வைத்தார்கள். பூ இல்லை, பாட்டு இல்லை. பழைய யூதச் சேமக்காலையில் மண் உறைந்துபோய், மண்வெட்டி பட்ட இடமெல்லாம் கல்லுச் சத்தம். மாமாவின் மகள் மிரியாமின் சட்டைக் கழுத்தை ஒரு பெரியவர் கத்தியால் கொஞ்சம் வெட்டிவிட, அவள் மிச்சத்தைக் கையால் கிழித்துக்கொண்டாள். தகப்பனை இழந்த பிள்ளை அப்படித்தான் செய்யவேண்டுமாம். சோபனாவும் கார்டிகன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் போனாள்.

"உங்களுக்குத் தேவையில்லை," என்றார் பெரியவர், மரியாதையாகத்தான்.

வீடு வந்து சேரும்வரைக்கும் அந்தத் 'தேவையில்லை' அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

வீட்டில் மிரியாம் கதிரையில் ஏறி விளக்கைக் கழற்றினாள். பழைய சாமான் எல்லாம் மியூசியத்துக்கு என்று மாமா இருக்கும்போதே எழுதிக் கொடுத்தாயிற்று. புதன்கிழமை வான் வரும். அதற்குள் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து வைக்கலாம் என்று இரண்டுபேரும் மேசையில் பேப்பர் விரித்துக்கொண்டு இருந்தார்கள். மிரியாம் டெனிஷில்தான் கதைப்பாள். டானியலுடைய அதே குரல்.

"ஏன் ஒரு திரிதான் எரிஞ்சிருக்கு? வெள்ளிக்கிழமை நீ எங்கயாவது போனியா?"

"இல்லை. இஞ்சதான் நிண்டனான். நான்தான் கொளுத்தினது."

"அப்ப ஏன் ஒண்டு?"

சோபனா துணியை மடித்தாள். "கோவிக்காதையுங்கோ மிரியாம். எங்கட சபையில செத்த ஆக்களுக்கு விளக்கு வைக்கிறதில்லை. டானியலின்ர திரியை நான் வைக்கேல்லை."

மிரியாம் அவளையே பார்த்தாள்.

"இந்த விளக்கில செத்த ஆக்களுக்கு வைக்கிறதில்லை, சோபனா. அதுக்கு வேற கண்ணாடி விளக்கு இருக்கு, வருசா வருசம் செத்த நாள் வரேக்கதான் அது. எங்கட வீட்டில இது, கூரைக்குக் கீழ இருக்கிற ஆக்களுக்கு. ஆளுக்கு ஒரு திரி. நான் படிக்கக் கொப்பனேகன் போன கிழமை அம்மா என்ர திரியை எடுத்திட்டா. டெலிபோனில கேட்டிட்டு நான் அழுத அழுகை!"

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

சோபனாவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு அந்த விரல் ஞாபகம் வந்தது. இரண்டு விரல், அதில் ஒன்று மடங்கி, மற்றது தன் பக்கம் நீண்டது. மதில் கறுக்கும்வரை நீண்டபடியே இருந்தது. ஐயோ, அதுக்குத்தானே அந்தப் பாடுபட்டார். அழுகை வரவில்லை.

"அவர் கேட்டவர்," என்றாள். "நான்தான் மாட்டன் எண்டு சொன்னனான்."

மிரியாம் மேசைக்கு இந்தப் பக்கம் கையை நீட்டினாள். பிறகு, தொடவா விடவா என்று தெரியாமல் அதே கையால் பேப்பரைச் சரிசெய்தாள்.

"புதன் வரைக்கும் மேலயே இருக்கட்டும்," என்று மிரியாம் கடைசியாகச் சொன்னாள். மறுபடி கதிரையில் ஏறி விளக்கைக் கொக்கியில் மாட்டினாள். கோட்டைப் போட்டுக்கொண்டு காருக்குப் போனாள்.

சோபனா விளக்கைப் பல்லுப் பல்லாக இறக்கினாள். கார்டிகன் பைக்குள் கைவிட்டுத் திரியை எடுத்தாள். ஒரு கையால் உருட்டியது. ஒரு முனை தடிப்பு, மற்ற முனை நூல். வெள்ளிக்கிழமை எரிந்த மூக்குக்குப் பக்கத்து மூக்கில் அதை வைத்து, நுனியை நேராக்கினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கொளுத்துகிற நாள் இல்லை. அவள் நெருப்புப்பெட்டியை எடுக்கவில்லை. விளக்கைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டு, மாமாவின் கட்டில் விரிப்பைக் கழற்றத் தொடங்கினாள்.