செவ்வாய்க்குச் செய்த பதினோரு திருத்தங்கள்

ஊரில் அவருக்கு வட்டக்காரர் என்று பெயர். கோள்கள் எல்லாம் வட்டத்தில்தான் போகும், பெரிய வட்டத்தின்மேல் ஒரு சின்ன வட்டம் போட்டால் அவை சில மாதம் பின்னால் நகர்வதற்கும் கணக்குச் சொல்லிவிடலாம் என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் பேசினால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? கடைக்குப் போனால் வீடு திரும்ப வழி தெரியாத மனுஷன் செவ்வாய்க்கு வழி சொல்கிறாராம் என்று அண்டை வீட்டார் சிரிப்பார்கள். அவர் மனைவியும் சேர்ந்து சிரிப்பாள். இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக் கணக்கு மேசைமேல் நூல் போட்டுக் கட்டி இருந்தது. மதியம் அச்சகத்துக்காரர் வந்து எடுத்துப்போவார். அதற்குள் அவள் வாயைத் திறந்தாக வேண்டும். திறந்தால் புத்தகம் போச்சு. திறக்காவிட்டால் பொய் அச்சேறும், அதுவும் அவர் பெயரில்.

அவர் கண்ணில் புரை விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. மாடிச் சுவரில் பதித்த பித்தளை வளைவில் கோள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது அப்போதிலிருந்து அவள் வேலை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தாளை மூக்கில் ஒட்டாத குறையாகப் பிடித்து எழுதுவார். போன வருஷம் செவ்வாய் பின்னால் நகரத் தொடங்கியதும், அவள் சொன்ன எண் அவர் கணக்குக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்தது. பாகையில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும், அவ்வளவுதான். அதற்கே எரிந்து விழுந்தார். கண்ணை எங்கே அடகு வைத்துவிட்டுப் பார்க்கிறாய் என்று கேட்டார்.

அவள் இன்னொரு தடவை பார்த்தாள். அதே கோடுதான். ஆனாலும் படித்தவர் சொல்கிறார், நமக்குத்தான் கண் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த முறையிலிருந்து அவருடைய அட்டவணையை முன்கூட்டியே எட்டிப் பார்த்து, அதற்கு ஒட்டினாற்போல எண் சொன்னாள். பதினோரு முறை. அவர் முகம் மலர்ந்ததைக் கண்டு, நல்ல காரியம் செய்ததாக வேறு நினைத்தாள், பாவி.

அப்புறம் சனியும் வியாழனும் அதே கண்ணுக்குக் கச்சிதமாக விழுந்தபோதுதான் பொறி தட்டியது. கண் கெட்டிருந்தால் செவ்வாயை மட்டுமா தப்பாகப் பார்க்கும்?

“என்னங்க,” என்றாள். “அந்தக் கட்டைப் பிரிச்சிடுங்க. செவ்வாய்ல பதினோரு எண்ணு நான் பார்த்தது இல்ல. உங்க அட்டவணையைப் பார்த்துச் சொன்னது.”

அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். நிஜமாகப் பார்த்தது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லாமல் என்ன? ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்ததே. பதினொன்றையும் தேதியோடு சொன்னாள். அவர் கடைசியிலிருந்து சொல்லச் சொன்னார். நடுவிலே ஒரு தேதியைக் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் மாறவில்லை. ஒரு தாளில் கழித்துக் கழித்து எழுதினார். போகப்போக அவர் கை மெதுவாகிவிட்டது.

“எல்லாமே ஒரே பக்கம் விலகுது,” என்றார். “கண்ணு தப்புன்னா அப்படியும் இப்படியுமால்ல விழணும்? இது கண்ணு இல்ல. வட்டமே தப்பு.”

இப்போதாவது இந்த எண்களை எழுதிக்கொள்ளக் கூடாதா என்று அவள் கெஞ்சினாள். ஞாபகத்திலிருந்து சொன்னதை ஒருத்தரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது என்றார். திரும்ப அளக்கலாமென்றால், செவ்வாய் போன வருஷம் போல அதே இடத்தில் அவ்வளவு நெருங்கி வர இன்னும் பதினைந்து வருஷம் ஆகும். அவருக்கு வயது அறுபத்து நான்கு. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி அழுதாள். திட்டவாவது செய்யுங்கள் என்றாள்.

“முதல்ல மாத்திச் சொன்னது எப்போ?”

“நீங்க என்னைத் திட்டின மறுநாள்.”

அவர் தலை கவிழ்ந்தது.

அச்சகத்துக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். வட்டக்காரர் தானே நூலை அவிழ்த்து, செவ்வாய் அத்தியாயத்தை முழுசாக உருவி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தார். எல்லாரும் காத்திருப்பதே செவ்வாய்க்குத்தானே என்று வந்தவர் திகைத்தார். பிறகு அவளைப் பார்த்து, அம்மா தப்பாகப் பார்த்துச் சொல்லிவிட்டார்களோ என்று பாதி கேலியாகக் கேட்டார்.

“அவ சரியாத்தான் பார்த்தா,” என்றார் அவர். “எனக்குத்தான் அதைக் கேக்கப் பொறுமை இல்ல.”