இலா மாசியின் முதல் ‘வேண்டாம்’

எங்கள் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மாணவர்களே நடத்தும் உதவித்தொகைக் குழு ஒன்று உண்டு. குளிர்காலம் முழுக்க நூலக வாசலில் டீயும் சமோசாவும் விற்போம். வசந்தத்தில் ஒரு நடன நிகழ்ச்சி நடத்துவோம். சேர்ந்த பணத்தை, கோடை விடுமுறையில் நம் மக்களுக்கென்று ஏதாவது செய்ய முன்வரும் ஒரு மாணவருக்குக் கொடுப்போம். பாதியை முதலிலேயே கொடுத்துவிடுவது வழக்கம். குழுவிலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் மீதி.

அந்த வருடம் தேர்வானவள் தஸ்னீம். கராச்சியிலிருந்து வந்த குடும்பம். வீட்டில் என்னைப் போலவே குஜராத்தி பேசுவார்கள். சுற்றுவட்டார அடுக்குமாடிகளில் இருக்கும் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவள் திட்டம். அதற்காக குல்விந்தர் என்ற பஞ்சாபிப் பயிற்சியாளரை, இரண்டு பக்கமும் பிரேக் வைத்த அவருடைய காரோடு பேசி வைத்திருந்தாள். நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்து நெடுஞ்சாலைக்கு நடைபாதை கிடையாது. டோனட் கடைக்கும் மருந்துக் கடைக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் ஓரத்துப் புல்லில் நடந்து போவதைக் காருக்குள் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். தஸ்னீம் பேசி முடித்ததும் எல்லோர் கையும் உயர்ந்தது. இதற்காக அவள் ஒரு வங்கியில் கிடைத்திருந்த கோடைக்கால வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடு, அப்படியே யாராவது ஒருத்தியை வங்கிக்குப் போய் உன் சம்பளத்தை வாங்கி வரச் சொல் என்றாராம் அவள் அப்பா.

ஜூலை பாதி ஆனபோது ஐந்தாறு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். அவர்களும் எங்களைவிடச் சற்றே மூத்த, புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள். புல்லில் நடக்கும் அம்மாக்கள் ஒருவர்கூட வரவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டதாகவும், எல்லோரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் தஸ்னீம் எழுதியிருந்தாள்.

குழுத் தலைவன் ரஹீல் நல்லவன். எதையும் ஒழுங்காகச் செய்பவன். தேவை இல்லாத இடத்தில் பணத்தைக் கொட்ட வேண்டாம், மீதியைப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம் என்றான். எதற்கும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினான்.

ரஹீலைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். வசந்தத்தில் புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது முதலில் என்னைத்தான் கேட்டார்கள். நான் எதற்கு, வேறு யாராவது செய்யட்டுமே என்றேன். சரி என்று அடுத்த ஆளைக் கேட்டார்கள், ரஹீல் ஒப்புக்கொண்டான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் அன்று விடுதிக்குத் திரும்பி நடந்தபோது செருப்புக்குள் சிறு கல் புகுந்தது போல ஏதோ உறுத்திக்கொண்டே வந்தது. அது என்னவென்று குனிந்து பார்க்கவில்லை.

தஸ்னீம் காரில் என்னை அழைத்துப் போனாள். வழியில் அதிகம் பேசவில்லை. மீதிப் பணம் வராவிட்டால் குல்விந்தரிடம் சொல்லி வைத்த நாட்களை எல்லாம் ரத்து செய்ய வேண்டியிருக்கும், சேர்ந்த பெண்கள்கூடப் பாதியில் நிற்பார்கள் என்றாள். பிறகு, ஒரு சிக்னலில் நின்றபோது, தனக்கு ஆட்களோடு பழகத் தெரியவில்லையோ என்னவோ என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை. விளக்கைப் பார்த்துச் சொன்னாள்.

முதலில் இலா மாசியின் வீடு. குஜராத்தியில் மாசி என்றால் சித்தி. அம்மா வயதுதான் இருக்கும். டோனட் கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். சேலைத் தலைப்பில் சர்க்கரையும் காபியும் மணத்தன. நாங்கள் உட்காரும் முன்பே அடுப்பில் டீ கொதித்தது. வெந்தயக்கீரை ரொட்டியும் மாங்காய்ப் பச்சடியும் கொண்டு வந்து வைத்தாள். இப்போதுதான் சாப்பிட்டேன் மாசி என்றேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்று என்றாள். நிஜமாகவே வேண்டாம் என்றேன். வயசுப் பெண் இப்படியா காற்றைக் குடித்து வாழ்வது என்று சொல்லிக்கொண்டே ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டாள். நான் நான்கு சாப்பிட்டேன்.

தட்டு காலியானதும் தஸ்னீம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் குழுவுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்த அதே கனிவான குரலில், கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு ஏதாவது காரணம் உண்டா என்று கேட்டாள்.

இலா மாசி அவளைப் பார்த்தாள். “நான் எப்ப வேண்டாம்னு சொன்னேன்?”

“அன்னிக்கு வந்தப்ப, மாசி. எனக்கெதுக்கு, வேற யாருக்காவது குடுன்னீங்களே.”

“பின்னே? வந்து ஒரு தடவை கேட்டதும், எப்ப எப்பன்னு காத்திருந்தவ மாதிரி சரின்னு சொல்லிடணுமா? நாலு பேரு என்ன நினைப்பாங்க?” கோப்பைகளை எடுத்து அடுக்கினாள். “நீ மறுபடி வருவேன்னு பாத்தேன். நீ என்னடான்னா தேங்க்யூ சொல்லிட்டுப் போனவதான். சரி, வேற நல்ல ஆளாக் கிடைச்சிருப்பாங்க போலன்னு விட்டுட்டேன்.”

தஸ்னீம் எழுந்து அவள் கையிலிருந்த கோப்பைகளை வாங்கிக்கொண்டாள்.

“லைசென்ஸுக்கு எழுத்துப் பரீட்சைகூடப் பாஸ் பண்ணி வெச்சிருக்கேன்” என்றாள் மாசி, இப்போது கொஞ்சம் கூச்சத்தோடு. “சாயங்காலம் அவர் தூங்குறப்ப கீழ போயி கார்ல உக்காந்துப்பேன். கண்ணாடியைச் சரி பண்ணுவேன். சாவி போடறதில்ல. சும்மா உக்காந்திருக்கிறதுதான்.”

தஸ்னீமுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. “ஏன் மாசி, சாப்பாட்டுக்கு மட்டும் எங்களை மூணு தடவை கேக்கறீங்க?”

“கேக்காம? ஒரு தடவை கேட்டா அது கேட்டதாகுமா? கடனேன்னு கேட்ட மாதிரில்ல ஆகும்.”

என் செருப்புக்குள் இருந்த கல் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குத் தலைவர் பதவி வேண்டியிருக்கவில்லை. அந்த வேலையை ரஹீல் என்னைவிட நன்றாகச் செய்கிறான். இன்னொரு முறை கேட்டிருக்கலாம் என்பதுதான். அமெரிக்காவில் பிறந்து, ஆங்கிலத்தில் கனவு கண்டு, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லப் பழகியவள் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். உள்ளே ஒரு இலா மாசி சாவி போடாத காரில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நினைத்தபோது வெட்கமாக இல்லை. தூரத்துச் சொந்தம் ஒருத்தி ஊருக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டது போல இருந்தது.

குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். ரஹீல் சிரிக்கவில்லை.

“வேண்டாம்னு சொன்னவங்க வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போறது தொந்தரவு, ஊர்வி. ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம்தான்னு முதல் வருஷம் பூரா காலேஜ்ல நமக்குச் சொல்லிக் குடுத்தாங்களே?”

அவன் சொல்வதும் சரிதான். அன்றைக்கே அதே மாடியில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்து, வேண்டாம் என்று சொல்லி மூடினாள். அது முழு வேண்டாம். தட்டினால் இன்னும் இறுகுகிற கதவு. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. அதை இவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தஸ்னீம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீ போட்டாங்கன்னா இன்னொரு தடவை போலாம்” என்றேன். “கதவுலயே நின்னு சொன்னா, விட்டுடணும்.”

“எங்கம்மா கேபிள்காரனுக்கே டீ போடுவாங்க” என்றான் ரஹீல். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா வீட்டில் ஒருமுறை கேட்டு ஓய்ந்த விஷயம் என்று எதுவும் நினைவில்லை என்றான். சற்று யோசித்தான். எத்தனை முறை போகலாம் என்று ஒரு வரம்பு வேண்டும் என்றான். மூன்று என்றாள் தஸ்னீம். மீதிப் பணத்தை அவளுக்கே கொடுப்பது என்று முடிவானது. வசந்தத்து விஷயத்தை நான் ரஹீலிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

இரண்டாவது முறை போனபோதே பாதிப் பேர் சரி என்றார்கள். சிலர் மூன்றாவது முறைக்குப் பலகாரம் செய்து வைத்துக் காத்திருந்தார்கள். ஆகஸ்டில் தனக்கு மூச்சுவிட நேரமில்லை என்று குல்விந்தர் சலித்துக்கொண்டார். வீடு வீடாகச் சாப்பிட்டுத் தஸ்னீமின் முகம் உருண்டுவிட்டது. ரொட்டிக்கும் உதவித்தொகையில் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கலாம் என்றாள்.

விடுமுறை முடியும் முன்பு ஒருநாள் இலா மாசி ஓட்ட, நானும் தஸ்னீமும் பின்னால் உட்கார்ந்து போனோம். சேலையை இழுத்துச் செருகி, முதுகைச் சாய்க்காமல் ஓட்டினாள். நெடுஞ்சாலையில், தான் நடந்துபோகும் புல்லைத் தாண்டியபோது ஒரு முறை திரும்பிப் பார்க்கப் போனாள். முன்னால பாருங்க என்று பக்கத்து இருக்கையிலிருந்து குல்விந்தர் அதட்டினார். அதற்கப்புறம் குடியிருப்புப் பக்கம் திரும்பி, நான்கு பக்கமும் நிறுத்தக் குறி உள்ள ஒரு சந்திப்புக்கு வந்தோம். முதலில் வந்து நின்றவர்தான் முதலில் போக வேண்டும். முதலில் வந்தது நாங்கள்தான். மாசி நிறுத்தினாள். இடப்பக்கம் வந்த காருக்குக் கையைக் காட்டிப் போகச் சொன்னாள். அது போனது. வலப்பக்கம் வந்ததையும் அனுப்பி வைத்தாள்.

“இது உங்க வீட்டுப் பந்தி இல்ல, பெஹன்ஜி” என்றார் குல்விந்தர். “உங்க முறை வந்தா நீங்க போகணும்.”

எதிரில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தலைப்பாகை கட்டிய பெரியவர். நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினார். மாசி, இல்லை நீங்கள் போங்கள் என்று காட்டினாள். அவர் தலையசைத்து மறுபடியும் காட்டினார். மாசியும் விடவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். குல்விந்தர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். தஸ்னீம் என் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிச் சிரித்தாள்.

பெரியவர் இன்னொரு முறை கையைக் காட்டினார்.

“மூணாவது தடவை சொல்லிட்டார்” என்றாள் இலா மாசி. “இனி போகலேன்னா மரியாதையில்ல.”

பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் சந்திப்பை மெதுவாகக் கடந்து போனது.