போன் வராத சாயங்காலம்

மலை உச்சியில் இருக்கும் செல்போன் டவரைப் பழுது பார்ப்பது அவள் வேலை. கரடுமுரடான மண்பாதையில் ஜீப்பைத் தனியாகத்தான் ஓட்டிப் போவாள். போகும் வழியைத் தாளில் எழுதித் தையல்காரக் கணவனிடம் கொடுத்து, "அஞ்சு மணிக்குள்ள நான் போன் பண்ணலைன்னா ஆளக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள்.

அன்று திரும்பும்போது ஓடை மணலில் சக்கரங்கள் புதைந்துவிட்டன. அவள் பதறவில்லை. டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினாள். மண்வெட்டியால் மணலை வாரிவிட்டுப் பலகைகளைச் செருகினாள். மூன்றாவது முயற்சியில் ஜீப் கரையேறியது. டயர்களுக்குக் காற்றடித்துவிட்டு, பெருமையோடு பாறைமேல் உட்கார்ந்து பிளாஸ்க் டீயை ஆற அமரக் குடித்தாள். போன் ஜீப்புக்குள், பையில் கிடந்தது. அதன் நினைப்பே வரவில்லை.

ஆறு மணிக்கு ஒரு வளைவில் டிராக்டர் எதிரே வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓட்ட, கணவன் மட்கார்டைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"டவர்காரிக்கே சிக்னல் இல்லையான்னு பேசிக்கிட்டே வந்தோம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

கணவன் இறங்கி வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அடி எதுவும் படலியே?"

"மறந்துட்டேங்க" என்றாள். ஓடையில் வராத நடுக்கம் இப்போது வந்தது.

அவன் பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான். "நிதானமா எடு. அந்த டிராக்டர்ல இன்னொரு தரம் என்னால ஏற முடியாது."