உரியா வீட்டுத் தண்ணீர்

"நாளைக்கு ஒரு கொடத்துக்கு மட்டும் மோட்டார் போடறன்னு இன்னாசி சொல்லியிருக்காரும்மா. காலையிலயே வந்து புடிச்சுக்க" என்று உபதேசியார் ராயப்பன் வரப்பில் நின்று சொன்னபோது, செல்லி காய்ந்த கேழ்வரகுப் பயிரை வேரோடு பிடுங்கி மாட்டுக்குக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போன பயிர். பதினேழு நாளாக ஒரு சொட்டு பாயவில்லை. இப்போது ஒரு குடம் தருகிறார்களாம், அதுவும் அவள் மாமனார் பாறையை வெடி வைத்து உடைத்துத் தோண்டிய கிணற்றிலிருந்து. கையிலிருந்த பயிர்க்கட்டை உபதேசியாரின் காலடியில் பொத்தென்று போட்டாள்.

"யாரு கெணத்துக்கு யாருங்க உத்தரவு குடுக்கறது?"

உபதேசியார் தீர்த்தமலைக்குப் போகிறவர் மாதிரி தூரத்து மலைகளைப் பார்த்தார். கோயில் ஜெபங்களை வரி பிசகாமல் சொல்லிக்கொடுக்கும் மனிதர்தான். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் மட்டும் அவருக்கு மலை தேவைப்படும்.

அந்தக் குடம் குடிப்பதற்கு இல்லை. ஏரியூர்ப் பக்கம் இருக்கிற அந்தச் சின்னக் கிறிஸ்தவ ஊரில் தவக்காலம் வந்தால் தாவீது ராஜா கூத்து நடக்கும். ஒவ்வொரு வேஷமும் ஒவ்வொரு வீட்டுக்குப் பாத்தியம். ராஜா வேஷம் கோயில் தர்மகர்த்தா இன்னாசியின் வீட்டுக்கு. ராஜாவின் படைவீரன் உரியா வேஷம் செல்லியின் புருஷன் சவுரியப்பன் வீட்டுக்கு. உரியாவின் பெண்டாட்டி மேல் ராஜாவுக்கு ஆசை வந்துவிடுகிறது. உரியாவைப் போர்முனையில் முன்வரிசையில் நிறுத்திச் சாகவிடச் சொல்லிப் படைத்தலைவனுக்கு ஒரு கடுதாசி எழுதி, அதை உரியா கையிலேயே கொடுத்து அனுப்புகிறான். அவனும் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்துச் செத்துப்போகிறான். அப்புறம் ராஜாவுக்குப் புத்தி வந்து, சாம்பலில் உட்கார்ந்து அழுது பாடுவான். ஊரே சேர்ந்து அழும். முடிவில் உரியா வேஷக்காரன் வீட்டுப் பெண் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ராஜாவின் தலையில் ஊற்ற வேண்டும். ஊற்றினால்தான் பாவம் தீர்ந்தது என்று அர்த்தம். அதுவரை ராஜா எழுந்திருக்கக் கூடாது. பன்னிரண்டு வருஷமாக ஊற்றிக்கொண்டிருப்பவள் செல்லி.

"இந்த வருசம் ஊத்த மாட்டன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

"அப்பிடிச் சொல்லாத தாயி. இன்னாசி மனசு உருகிப்போய்க் கெடக்கறாரு. போன வெள்ளிக்கெழம பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டாரு. கோயில்ல முட்டி போட்டு அழுததை நானே பாத்தன்."

"அழுதாருல்ல? தண்ணி எப்ப வுடுவாரு?"

"அது ஆபீஸ் சம்பந்தப்பட்டது. பேரு மாறிப்போச்சு. மெதுவாத்தான பாக்கணும்."

செல்லிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை. கண்ணீர் மட்டும் உடனே வந்துவிடுகிறது, தண்ணீருக்குத்தான் மெதுவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. உபதேசியார் போனபிறகும் வெகுநேரம் அவள் வாய் ஓயவில்லை. கேட்பதற்கு அங்கே மாடு மட்டுமே இருந்தது.

நடந்தது இதுதான். தோண்டியது செல்லியின் மாமனார் என்றாலும் கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. நாலு நாள் இன்னாசிக்கு, நாலு நாள் சவுரியப்பனுக்கு என்று முறை. மழை பொய்த்து இரண்டு வருஷமாகிக் கிணறு ஆழத்துக்குப் போய்விட்டதால் கயிறும் எட்டாது, மோட்டார் போட்டால்தான் தண்ணீர். மாசி மாதம் ஒருநாள் இன்னாசி சவுரியப்பனைக் கூப்பிட்டு, மோட்டாருக்குப் புது லைன் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினார். வாங்கியதோடு விட்டாரா? "நீயே டவுனுக்குப் போய்க் கரண்ட் ஆபீஸ்ல குடுத்துட்டு வாடா" என்றும் சொன்னார். சவுரியப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினான். வேர்வை பட்டு எழுத்து அழிந்துவிடக் கூடாது என்று காகிதத்தைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து, குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தான். கிணற்றில் தனக்குப் பாத்தியம் இல்லை, மோட்டாரை இன்னாசி பேருக்கே மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. பங்குனி பிறந்ததும் மோட்டார் கொட்டாய்க்குப் பூட்டு விழுந்தது.

அன்றைக்கு ராத்திரி செல்லி புருஷனைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"இருவது வருசமா அதே வேசம் ஆடற. மடியில இருக்கறது நமக்கே வச்ச கொள்ளின்னு ஊருக்கெல்லாம் ஆடிக் காட்டற. அந்தக் கடுதாசிய பஸ்ஸுல ஒருத்தங்ககிட்டக் காட்டிப் படிக்கச் சொல்லணும்னு தோணலியா உனக்கு?"

சவுரியப்பன் தலை குனிந்தபடி சொன்னான், "பக்கத்துல ஒரு வாத்தியாரு ஒக்காந்திருந்தாரு செல்லி. காட்டலாமான்னு ஒருதரம் நெனச்சன். பெரியவங்க நம்பிக் குடுத்த கடுதாசிய பிரிக்கக் கூடாது. பிரிச்சா அவன் உரியா இல்லியே."

அவனை அடிப்பதா கட்டிக்கொண்டு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தாவீது மேல் இத்தனை கோபம் வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. சின்ன வயதில் அவன் அவளுடைய ஆள். ஆடு மேய்த்த பையன், அண்ணன்மார் ஏளனம் செய்த கடைக்குட்டி, கவண்கல்லை வைத்தே கோலியாத்தைச் சாய்த்தவன். அந்தக் காட்சி வரும்போது ஆடு மேய்க்கும் செல்லி முன்வரிசையில் எழுந்து நின்று விசிலடித்து அடி வாங்கியிருக்கிறாள். பயத்தில் கர்த்தரை மேய்ப்பர் என்று கூப்பிட்டுப் பாடியவன் அவன்தானே! குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில் அந்தப் பாட்டைத்தான் அவள் முணுமுணுப்பாள். அப்படிப்பட்டவன் மாடியில் உலாத்திக்கொண்டு அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்க்கிற ராஜாவாக எப்போது ஆனான்? கடவுளுக்குப் பிடித்தமானவன் தாவீது என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னபோது, கடவுளுக்குப் பிடித்திருந்தால் அது கடவுள் பாடு என்று அவள் நினைத்துக்கொண்டாள். கொன்றவனுக்கு இருபது பாட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். செத்தவனுக்கு ஒரு அடி கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மைதானத்தில் கூத்து தொடங்கியது. முன்பெல்லாம் விடிய விடிய ஆடியதுதான். சாராயம் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறார்கள் என்று சாமியார் பகலுக்கு மாற்றிவிட்டார். அதனால் கோலியாத்தின் மீசை வெயிலில் உருகிக் கழுத்துக்கு இறங்கியிருந்தது. செல்லி வீட்டை விட்டே வரமாட்டாள் என்றுதான் ஊர் நினைத்தது. அவள் வந்தாள். குடத்தோடு வந்தாள். காலையில் மோட்டார் ஓடிய கால் மணி நேரத்தில் போய்ப் பிடித்து வந்த தண்ணீர். உபதேசியார் முகத்தில் அப்பாடா என்று ஒரு தெளிவு தெரிந்தது. பெண்கள் அவளுக்கு இடம்விட்டு உட்கார்ந்தார்கள்.

"நல்ல காரியம் பண்ண செல்லி, மன்னிச்சு வுட்டுடணும்" என்றாள் பக்கத்தில் இருந்த சின்னம்மாள்.

ஊற்றிவிட்டால் ஊருக்கு இந்தப் பேச்சு முடிந்துவிடும் என்று செல்லிக்குத் தெரியும். அப்புறம் பஞ்சாயத்தும் இல்லை, கேள்வியும் இல்லை. நீதான ஊத்தின என்று அவள் வாயையே அடைத்துவிடுவார்கள். ஊற்றாமல் போனாலோ கூத்து முடியாமல் நிற்கும், சாபம் என்பார்கள், அடுத்த வருஷம் மழை பெய்யாவிட்டால் அதுவும் அவள் தலையில் விழும்.

உரியா கடுதாசியோடு புறப்பட்டான். சவுரியப்பன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தான். டவுனிலும் இப்படித்தான் நடந்திருப்பான், பாவி. சண்டையில் விழுந்தான். வெள்ளை வேட்டியால் மூடினார்கள். கூத்து முடியும்வரை பிணம் அங்கேயே கிடக்க வேண்டும், பந்தலுக்கு வெளியே, சுடுமண்ணில்.

அப்புறம் இன்னாசி சாம்பலில் உட்கார்ந்தார். ஆர்மோனியம் இழுத்தது. கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆண்டவரே என்னைக் கழுவும் என்று பாடினார். குரல் நிஜமாகவே உடைந்தது. அரிதாரத்தில் கண்ணீர் கோடு போட்டது. அந்த அழுகை பொய்யில்லை என்பது செல்லிக்கே தெரிந்தது. அதுதான் அவள் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. இவ்வளவு நிஜமாக அழத் தெரிந்த மனுஷனுக்கு இடுப்பில் தொங்குகிற மோட்டார் கொட்டாய்ச் சாவியைக் கழற்றத் தெரியவில்லையே! பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். சாமியாரும் கண்ணாடியைக் கழற்றினார்.

செல்லி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். கூட்டம் வழிவிட்டது. இன்னாசி கண்ணை மூடி, தலையைத் தாழ்த்திக் காத்திருந்தார். அவள் கால் சாம்பலை மிதித்தது. நிற்கவில்லை. தாண்டிப் போனது.

இன்னாசி கண்ணைத் திறந்தார். "செல்லி, ஊர் பாக்குது" என்றார், மெதுவாக.

"பாக்கட்டும்ங்க."

வெயிலில் கிடந்த புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்து வேட்டியை விலக்கினாள். சவுரியப்பன் கண்ணைத் திறக்காமல், உதட்டை மட்டும் அசைத்து, "நான் செத்துட்டன், செல்லி. வேசம்" என்றான்.

"செத்தவனுக்குத்தான்யா தாகம். வாயத் தெற."

தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் குடத்தைச் சாய்த்தாள். முதலில் தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்து, சிவப்புச் சாயத்தைக் கரைத்துக்கொண்டு மண்ணுக்குப் போனது. அப்புறம் அவன் தொண்டை ஏறி இறங்கியது. மறுபடியும் ஏறி இறங்கியது. சாம்பலில் இருந்த ராஜா எழுந்திருக்கவும் முடியாமல் பாட்டைத் தொடரவும் முடியாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருக்க, ஆர்மோனியக்காரர் விரலை எடுக்க மறந்து ஒரே சுரத்தை அழுத்திக்கொண்டிருந்தார். உரியா குடித்துக்கொண்டிருந்தான்.