இடது பக்கச் சக்கரம்

எங்கள் வீட்டுக்கும் பெரிய சாலைக்கும் நடுவே ஒரு சரிவு உண்டு. வெயில் காலத்தில் அது வெறும் மண். மழை பிடித்துவிட்டால் களிம்பு மாதிரி ஆகிவிடும். அதில் ஏறி இறங்கும் ஒரே வண்டி எங்கள் ஜீப்தான். சின்ன வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். அண்ணி அதற்குத் 'தவளை' என்று பேர் வைத்திருந்தாள். அப்பாவின் சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, டயாலிசிஸுக்கு அவரைக் கொண்டுபோய் வருவதும் தவளைதான். ஒரு தடவை தவறினாலே அவருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கும்.

தவளைக்கும் வயதாகியிருந்தது. மழை தொடங்குவதற்குள் ஒரு முடிவு வேண்டும்: இதையே செப்பனிட்டு ஓட்டுவதா, பேட்டரியில் ஓடும் புதியதை வாங்குவதா?

"வாத்தியாரம்மா, நீயே பாத்துச் சொல்லு," என்றான் அண்ணன். "சாயங்காலம் சாயங்காலம் மோட்டார் கிளாஸுக்குப் போறியே, அதுக்கு ஏதாவது பிரயோஜனம் வேணாமா?"

"அவ கிளாஸுல ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கிட்டாளோ இல்லையோ, கோடு போடக் கத்துக்கிட்டா," என்றாள் அண்ணி.

கோடு போட்டேன்தான். ஒரு பக்கம் தவளை, மறுபக்கம் புதியது. எடை தவளைக்குச் சாதகம். சேற்றில் கனமான வண்டி அமுங்கும். புதியதன் அடியில் பேட்டரி படுத்திருப்பதால் கனம் அதிகம். ஆனால் முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார். எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று அதுவே கண்டுகொண்டு இழுவையை மாற்றும். மழை நாளில் மின்சாரம் போகும், அப்போது சார்ஜ்? தவளைக்கு உதிரி பாகம் கிடைப்பதில்லை, அப்போது பழுது? ஒவ்வொரு வரியை எழுதும்போதும் முந்தைய வரி தப்போ என்று தோன்றியது.

கடைசி வரி, சக்கரப் பூட்டு. தவளையின் முன் சக்கரங்கள் இரண்டின் நடுவிலும் ஒரு திருகு இருக்கிறது. சேறு வந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, இரண்டையும் கையால் திருகிப் பூட்டினால்தான் முன் சக்கரங்கள் இழுக்கும். ஒரு பக்கம் பூட்டாமல் விட்டால்கூட, முன்பக்கம் வரும் சக்தி முழுவதும் அந்தப் பக்கமாக வீணாகிவிடும். எங்கள் வீட்டில் வலது பக்கம் அண்ணன், இடது பக்கம் அப்பா. வண்டி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். வெயிலோ மழையோ, பழக்கம் விடாமல் சரிவின் தலையில் இருவரும் இறங்குவார்கள். "ஆச்சு!" என்பான் அண்ணன். "ஆச்சு!" என்பார் அப்பா. பிறகுதான் வண்டியில் ஏறுவார்கள். அப்பாவின் பக்கத்தை அண்ணன் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அவர் வேலையைச் சரிபார்ப்பது அவரையே சரிபார்ப்பது மாதிரி.

புதிய வண்டியில் இந்தத் தொல்லை இல்லை என்று எழுதி, அதைச் சாதகங்களில் சேர்த்தேன்.

விற்பனைக்காரர் வண்டியைக் காட்டக் கொண்டுவந்தார். சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நின்றது. அண்ணி, "திருடனுக்கு ஏத்த வண்டி," என்றாள். அப்பா அதைச் சுற்றி வந்தார். இடது முன் சக்கரத்தின் முன்னால் குனிந்து, நடுவில் இருந்த வழவழப்பான மூடியைத் தொட்டுப் பார்த்தார்.

"பூட்டு எங்கப்பா?"

"அதெல்லாம் உள்ளேயே ஆயிடும் ஐயா. ஒரு பட்டன்தான்."

"அப்ப நான் எதுக்கு இறங்கணும்?"

"இறங்கவே வேணாம்பா," என்றேன் நான். "அதுதானே வசதி."

அவர் நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு உள்ளே போய்விட்டார். அண்ணன் விற்பனைக்காரரிடம், "தவளை இன்னும் ஓடும். யோசிச்சுச் சொல்றோம்," என்றான். அவனுக்கு அதை விட மனமில்லை. அதன் கியரை எந்தச் சத்தத்தில் மாற்ற வேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும்.

அந்த வாரமே மழை வந்தது. டயாலிசிஸ் நாளன்று காலையில் நான் பின்னால் அப்பாவின் பையோடு உட்கார்ந்திருந்தேன். சரிவின் தலையில் வண்டி நின்றது. இருவரும் இறங்கினார்கள். "ஆச்சு!" "ஆச்சு!"

பாதியில் தவளை நின்றது. பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. அண்ணன் பின்னால் எடுத்தான், முன்னால் தள்ளினான். வண்டி இன்னும் ஆழமாக உட்கார்ந்தது.

"முன்னாடி இழுக்கவே இல்லியே," என்றான். "போச்சு. இதோட உயிர் போச்சு."

அப்பா ஊசி ஏறும் கையை மடியில் வைத்துக்கொண்டு முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

நான் இறங்கி முன்னால் போனேன். வலது பூட்டு சரியாக இருந்தது. இடது பக்கம் வந்து சேற்றை வழித்தேன். திருகு திறந்த நிலையிலேயே இருந்தது. அதன் துருவில் விரல் நகம் வழுக்கிக் கீறிய தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அப்பா முயன்றிருக்கிறார். முடியவில்லை. முடியாமலேயே "ஆச்சு" என்றிருக்கிறார். எத்தனை வாரமாக இப்படி என்று எனக்குத் தெரியாது. காய்ந்த மண்ணில் அது தெரியவும் தெரியாது.

தலையைத் தூக்கினேன். கதவுக் கண்ணாடி வழியாக அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கியரை ஒருதரம் எடுத்துட்டுப் போடு!" என்று கத்தினேன். அவன் எடுத்த நேரத்தில் இரண்டு கையாலும் திருகைத் திருப்பினேன். எனக்கே கடினமாகத்தான் இருந்தது. அடுத்த முயற்சியில் தவளை முன் சக்கரங்களால் பற்றிக்கொண்டு வெளியே வந்தது.

"என்னடி ஆச்சு? என்ன பண்ணுன?"

உண்மையைச் சொன்னால் தவளை பிழைக்கும். அடுத்த தடவையிலிருந்து அண்ணனே இரண்டு பக்கமும் இறங்குவான். அப்பா உள்ளே உட்கார்ந்திருப்பார், இறங்க முடியாதவராக. புதிய வண்டியிலும் உட்கார்ந்துதான் இருப்பார். ஆனால் அங்கே யாருமே இறங்க வேண்டாம்.

"முன்பக்கம் தேஞ்சு போச்சுண்ணா," என்றேன். "இப்ப ஏதோ தற்செயலா பிடிச்சுது. இனிமே நம்ப முடியாது."

அண்ணன் ஸ்டியரிங்கைத் தடவினான். "அவ்வளவுதானா?"

"அவ படிச்சவ, சொல்றா," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். "புதுசையே எடுத்துடுவோம்."

தவளையை ஒரு பழைய இரும்பு வியாபாரி ஓட்டிக்கொண்டு போனார். அது சரிவில் அழகாகவே இறங்கியது. அண்ணன் வெளியே வந்து பார்க்கவில்லை. அவனிடம் சொல்லிவிடலாமா என்று பலமுறை அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன். சாப்பாட்டைப் பற்றி ஏதோ பேசிவிட்டு எழுந்தேன். என் கணக்கு சரியா என்று இன்னமும் தெரியவில்லை.

புதிய வண்டியில் முதல் மழை நாள். சரிவின் தலை வந்தது. அண்ணன் பட்டனை அழுத்தினான். வண்டி நிற்கவில்லை, கனமாக, சத்தமில்லாமல் சேற்றில் இறங்கியது. அப்பாவின் கை கதவின் பிடிக்குப் போயிருந்தது. பெரிய சாலை வரும்வரை அது அங்கேயே இருந்தது.

"ஆச்சுப்பா," என்றான் அண்ணன்.

அப்பா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.