பதினோராவது வளைவுக்கான டயர்

மலைப்பாதையில் வெள்ளைப் பனி எப்போதாவதுதான் கொட்டும். கொட்டுகிற நாளில் யசோதராவின் மஞ்சள் கார் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் வழுக்கி நஞ்சப்பன்மேல் ஏறும். ஏறியதும் பனி நின்றுவிடும்.

இதுவரை மூன்று முறை ஏறிவிட்டது. நான்காவது முறை தாங்காது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இருவரும் சேர்ந்து டயர் கடைக்குப் போனார்கள்.

நஞ்சப்பன் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். அந்தக் காரின் உள்பக்கம் அவனுக்குப் புதிது.

"மெத்துனு இருக்குதுங்க அம்மிணி," என்றான். "எனக்கு அடிப்பக்கம்தான் பழக்கம்."

"நீங்க ஏன் நஞ்சப்பண்ணா அங்கயே போய் நிக்கறீங்க?"

"யாராச்சும் நிக்கோணுமில்லீங்க."

பனி கொட்டினால் வண்டி எடுக்காமல் இருக்க அவளுக்கும் வழியில்லை. ஒரு முறை சாவியைக் கிணற்றில் போட்டுப் பார்த்தாள். வண்டி தானே கிளம்பி, வீட்டுக் கதவை இடித்து உடைத்து, படுக்கையறை வரைக்கும் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது.

கடை வாசலில் ஒருவர் முனகிக்கொண்டு கிடந்தார். முந்தைய வாடிக்கையாளரோடு வந்தவர். அவரைத் தாண்டி உள்ளே போனார்கள்.

"பட்டன் எப்படி இருக்குன்னு பாக்கலாம்," என்றார் கடைக்காரர் ஜக்கரியா.

டயரின் மேலே ரப்பர் பட்டன் தேயாமல் எத்தனை மிச்சமிருக்கிறது என்றுதான் அவர் கேட்டார். நஞ்சப்பன் சட்டைப் பட்டனைக் கழற்றினான். அதுவும் சரியாகத்தான் இருந்தது. மார்பின் குறுக்கே டயரின் பட்டன் வரிவரியாகப் பதிந்திருந்தது. ஜக்கரியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார்.

"அகலம் எரநூத்தி நாப்பத்தஞ்சு. பத்தொம்பது இன்ச் ரிம். வெயில் டயர். கடைசியா ஏறினதா இது?"

"மொத தடவைங்க. அடுத்த ரெண்டுக்கும் ஸ்வெட்டர் போட்டிருந்தனுங்க. அச்சு சரியா விழல."

"ஸ்வெட்டர் போடக்கூடாது. அளவு படிக்க முடியாமப் போயிடுது."

"தப்புதானுங்க."

ஜக்கரியா ஐஸ் பெட்டியைத் திறந்தார். வெயில் டயர் ஒன்றை வெளியே எடுத்து நஞ்சப்பனின் இடது தோளில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"கல்லு," என்றார் யசோதராவிடம். "குளிர்ல இந்த ரப்பர் கல்லாயிடும் மேடம். கல்லு ரோட்டப் புடிக்குமா?"

"புடிக்காதுங்க," என்றான் நஞ்சப்பன் தரையிலிருந்து.

அடுத்தது எல்லா சீசனுக்கும் போடுகிற டயர். அதை வலது முழங்கையில் அடித்தார். பாதிதான் முறிந்தது.

"இது வேண்டாமுங்க," என்றான் நஞ்சப்பன். "ரெண்டுங்கெட்டான். பாதி முறிஞ்சா கட்டு நிக்கறதில்ல. முறிஞ்சா முழுசா முறியோணும்."

மூன்றாவது பனி டயர். அதை முகத்தில் அடித்தார். ரத்தம் வந்தது. ஆனால் மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

"மெத்துனு இருக்குதுங்க," என்றான் நஞ்சப்பன். "அம்மிணி வண்டி சீட்டு மாதிரி."

யசோதரா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கறுப்பு அலாய் ரிம்கள் மாட்டியிருந்தன.

"இந்த டயரே பத்தொம்பதுல வராதா?"

"வரும். ஆனா அகலமா இருந்தா பனிமேல மெதக்கும் மேடம். ரிம் சின்னதா, டயர் ஒடுக்கமா இருக்கணும். அப்பத்தான் பனியக் கிழிச்சுக்கிட்டுத் தரையத் தொடும். பதினேழு போட்டா உங்க பிரேக் இடிக்கும். பதினெட்டு போட்டுக்குங்க."

"என்னிக்கோ ஒரு நாள் கொட்டற பனி. அதுக்காகப் பத்தொம்பதோட அழகை விடணுமா?"

"அழகுதானுங்க," என்றான் நஞ்சப்பன். "கிட்டத்துல பாத்திருக்கனுங்க."

அவள் யோசித்தாள். நஞ்சப்பன் அவசரப்படுத்தவில்லை. முறிந்த தோளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அவன் ரத்தம் அவள் செருப்பு வரைக்கும் வந்தது. அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"பதினெட்டே போடுங்க," என்றாள். "கழட்டின நாலையும் பின் சீட்டுல அடுக்கிருங்க. வெயில் வந்ததும் மாத்திக்கலாம்."

நஞ்சப்பன் பின் சீட்டை ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

மறுநாளே பனி கொட்டியது. நஞ்சப்பன் முன்னதாகவே நடந்துபோய் நின்றுகொண்டான். யசோதரா இரண்டாவது கியரில் ஏறினாள். ஒவ்வொரு வளைவிலும் டயர் தரையைக் கவ்விக்கொண்டது. பதினோராவது வளைவில் அவன் தெரிந்ததும் பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. பம்பருக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி வைக்கலாம்.

அவளுக்கு அழுகை வந்தது. கண்ணாடியை இறக்கினாள்.

"நின்னுருச்சு, நஞ்சப்பண்ணா."

"வண்டி நின்னுருச்சுங்க," என்றான். "பனி நிக்கலீங்களே."

நிற்கவில்லை. அவர்கள் பேசுவதற்குள் சக்கரம் பாதி மூடிவிட்டது. கீழே ஊரில் ஓட்டு வீடுகள் பனியின் பாரத்தில் ஒவ்வொன்றாக நொறுங்கின. ஆட்கள் கத்துவது மேலே கேட்டது. பிறகு கத்துகிறவர்கள் குறைந்தார்கள்.

"ஏறாம நிக்காதுங்க," என்றான் நஞ்சப்பன்.

"உங்களுக்குத் தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"ஆமாங்க. உங்களுக்கு இதுதான் மொத தடவை. தாங்கும்."

அதில் தவறு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. இறங்கினாள். நஞ்சப்பன் பின் கதவைத் திறந்து பத்தொன்பது இன்ச் சக்கரங்களைக் காலால் தள்ளி வெளியே உருட்டினான். தோள் முறிந்திருந்ததால் நட்டுகளை அவள்தான் கழற்ற வேண்டியிருந்தது. ஜாக்கியையும் அவளே சுற்றினாள். நான்கையும் மாட்டி முடித்தபோது உள்ளங்கைத் தோல் கிழிந்திருந்தது.

"எதுக்கு மாத்தணும்? இருந்ததே இருக்கட்டுமே."

"அதுல நின்னுருமுங்க."

அவன் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டான். கீழே போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்காகக் கிளம்பியவன், கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

"ஸ்வெட்டரைக் கழட்டிருங்க அம்மிணி."

அவள் கழற்றினாள். மடித்து மைல்கல்லின்மேல் வைத்தாள். வளைவின் நடுவில் நஞ்சப்பனின் இரண்டு பாதங்கள் இருந்த இடம் மட்டும் மூடாமல் கறுப்பாக இருந்தது. அதில் ஏறி நின்றாள். அளவு கொஞ்சம் பெரிது.

கீழே கியர் மாறுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது கியர். அவளாக இருந்தால் இந்த வளைவுக்கு இரண்டில்தான் வந்திருப்பாள்.